செல்வியக்காவின் மைக்

இன்று பழுது பார்க்க வந்த மெக்கானிக் டிவியின் முதுகைக் கழற்றியதும் எழுந்த சுட்ட தூசி வாசனை, போடியில் எங்கள் தெருவிலிருந்த செல்வியக்காவின் வீட்டு வாசனை. எண்பதுகளின் கடைசியில் தெருத்தெருவாகக் கேபிள் இழுத்து, வீடியோ டெக்கில் படம் ஓட்டி, நடுநடுவே மைக்கில் ஊர்ச்சேதி சொன்னவர் அவர். காணாமல்போன ஆடு, தண்ணீர் வரும் நேரம், மழைநாளென்றால் குரங்கணி ஜீப்பு இறங்கிவிட்டதா என்பது. மலையில் ஏலக்காய் எடுக்கப் போன என் அம்மா அந்த ஜீப்பில்தான் திரும்புவாள்; அக்காவின் குரல் வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது, வாசலுக்கும் டிவிக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

சில வருஷம் கழித்து, ஊர் ஊராகக் கேபிளை வளைத்துப்போட்ட ஒரு பெரிய கம்பெனி போடிக்கும் வந்தது.

"இனி எல்லாம் எங்க ஆபீஸ்லயிருந்தே வரும்க்கா, ஒங்களுக்குச் சோலியில்ல" என்று அவர்கள் ஆள் டெக்கை அணைத்து, மைக்கின் ஒயரையும் பிடுங்கினான்.

படம் பளிச்சென்று வந்தது. அடுத்த வாரமே அடைமழை. டிவியில் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவிடம் ஓடினேன்.

"ஜீப்பு வந்துருச்சாக்கா?"

"தெரியலையே ஆத்தா. இரு, வெரசா பாத்துட்டு வர்றேன்."

நான் இருக்கவில்லை, பின்னாலேயே ஓடினேன். ஜீப்பு ஸ்டாண்டில் அம்மா நனைந்தபடி இறங்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்ததும் திரும்பி, தோட்டத்துக்கு ஆள் போன ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "குரங்கணி ஜீப்பு வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே போனார். உள்ளே டிவி அலறியதால் சில கதவுகள் திறக்கவே இல்லை. ஆறாவது வீட்டில் அவர் தொண்டை கட்டிக்கொண்டது. அம்மாவின் கையை உதறிவிட்டு, மீதி வீடுகளுக்கு நான் கத்தினேன்.