நின்ற தறியும் வந்த மாலையும்

உள்காதை ஆராய்பவர் அவர். யார் பேசினாலும் தலையைச் சாய்த்து, காது மடலை இழுத்துக்கொண்டுதான் கேட்பார். தறிச் சத்தம் எங்கள் காதை என்ன செய்கிறதென்று சோதிக்கப் பிள்ளையார்பாளையம் வந்திருந்தார்.

அமைதி வேண்டுமென்றார்; என் தறியை நிறுத்தினேன். கருவியைச் சரிபார்க்க முதலில் தன் காதிலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

எங்கள் தெருவில் நடுப்பகலில் தறி நின்றால் சாவு என்று அர்த்தம். மரியாதைக்காக அக்கம்பக்கத்துத் தறிகளும் நின்றன. எதிர்வீட்டு அண்ணன் மாலையே வாங்கி வந்துவிட்டார்.

"யாருப்பா போயிட்டது?"

"யாரும் போவலண்ணா. சார் காது பாக்க வந்துக்கிறாரு."

ஹெட்போனைக் கழற்றியவர் தெருவின் நிசப்தத்தில் கண்கலங்கிப்போனார். "எனக்காகவா எல்லாரும் நிறுத்திட்டீங்க?"

வேறு வழி தெரியாமல் அண்ணன் மாலையை அவர் கழுத்தில் போட்டார்.

சாவுக்கு வாங்கிய மாலையை அவ்வளவு பூரிப்போடு போட்டுக்கொண்ட வேறொரு மனிதரை நான் இன்னும் பார்த்ததில்லை.