சிங்கப்பூர் முத்திரை போட்ட சாக்குகள்

யுத்தத்தின் நடுவில், சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்த சமயம், எங்கள் பேட்டை வாசகசாலையில் 'வியாபாரமும் ஒழுக்கமும்' என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டார்கள். சேலத்தில் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்துவந்தேன். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவன், தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் கேட்டிருப்பார்கள். நேர்மையான வியாபாரி என்பதாலும் இருக்கலாம் என்று நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்.

வாசகசாலையிலிருந்தே ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துவந்து, காலை ஆறு முதல் ஏழு வரை படித்துக் குறிப்பெடுத்தேன். ஒரு காரியம் சரியா தவறா என்று பார்க்க அதில் மூன்று வழிகள் சொல்லப்பட்டிருந்தன. முதலாவது, பலனைப் பார்ப்பது: இதனால் யாருக்கு நன்மை, யாருக்குக் கேடு, எது அதிகம் என்று எடைபோடுவது. இரண்டாவது, பலன் எப்படியானாலும் கடமை எது என்று பார்ப்பது: நான் செய்வதையே எல்லோரும் செய்தால் ஒப்புக்கொள்வேனா, எதிரே நிற்கிற மனிதரை வெறும் கருவியாக்குகிறேனா என்று கேட்பது. மூன்றாவது, செய்கிறவனையே பார்ப்பது: இப்படிச் செய்துகொண்டே போனால் நான் எப்படிப்பட்ட ஆளாக ஆகிவிடுவேன் என்று யோசிப்பது. ஒரு தாளை மூன்று பத்தியாக மடித்து, மிளகில் பப்பாளி விதை கலப்பதை உதாரணமாக எடுத்து எழுதிப் பார்த்தேன். மூன்று பத்தியிலும் தவறு என்றே வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அந்த வாரம்தான் என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, நாமக்கல் பக்கத்திலிருந்து வண்டியில் ஜவ்வரிசி கொண்டுவந்து இறக்கினான். அதுவரை ஜவ்வரிசி கப்பலில்தான் வரும். கப்பல் நின்றதும், இங்கே விளையும் குச்சிக்கிழங்கிலிருந்தே, அதாவது மரவள்ளியிலிருந்தே, அதைச் செய்யலாம் என்று சிலர் முயன்று பார்த்தார்கள். இவனும் அவர்களில் ஒருவன். கிழங்கைத் தோலுரித்து, ஆணியடித்த தகரத்தில் துருவி, தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கும் மாவை எடுத்து, வேட்டியில் தொட்டில் கட்டி அதில் போட்டு ஆட்டினால் மணி மணியாகத் திரளும். அதை வாணலியில் லேசாக வறுத்து வெயிலில் காயவைப்பார்கள். அந்த வருஷம் அவன் நிலக்கடலையை விட்டுவிட்டு மேட்டுக்காடு முழுவதிலும் கிழங்கு நட்டிருந்தான். காயப்போட இடம் போதவில்லை என்று மாட்டுக் கட்டுத்தரையை இடித்துக் களமாக்கியிருந்தான். சரக்கு விலைபோகாவிட்டால் அவனுக்குத் திரும்பிப் போக வேறு வெள்ளாமை இல்லை.

நான் ஏற்கெனவே இரண்டு வியாபாரிகளிடம் மாதிரி காட்டியிருந்தேன். ஒருவர் கையில்கூட எடுக்கவில்லை. மற்றவர், பஞ்சத்தில் தின்கிற கிழங்கை நோயாளிக் கஞ்சிக்கு விற்கச் சொல்கிறாயா என்று கேட்டார். ஆனால் சரக்கு நன்றாகவே இருந்தது. என் மனைவி இரண்டு விதமாகச் சமைத்துப் பார்த்தாள். கப்பல் சரக்கைப் போல இரவு முழுக்க ஊறவைத்தால் கரைந்து பசையாகிறது என்றும், ஊறவைக்காமல் கொதிக்கிற தண்ணீரில் நேராகப் போட்டால் கண்ணாடி போல வெந்து வருகிறது என்றும் சொன்னாள். அதை நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

யுத்தத்தில் சாக்குக்கும் பஞ்சம். என் கிடங்கில் பழைய சிங்கப்பூர் ஜவ்வரிசிச் சாக்குகள் காலியாகக் கிடந்தன. மைத்துனன் அவற்றை உதறி, சரக்கைக் கொட்டித் தைத்தான். இங்கிலீஷ் எழுத்தும் கப்பல் படமுமாக முத்திரை பளிச்சென்று தெரிந்தது. உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைக்கக் கூடாதா என்று என் மனைவி கேட்டாள்.

"இருக்கட்டுமக்கா. சாக்குல எழுதியிருக்கறதுக்கு நாம என்ன பண்றது? நாம வாயத் தொறந்து சிங்கப்பூருன்னு சொன்னமா?" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் முதல் பத்தியை மனதில் ஓட்டினேன். அவன் பிழைப்பான், நாலு பேர் வேலை பெறுவார்கள், சாப்பிடுகிறவருக்குக் கேடு ஒன்றும் இல்லை. மற்ற இரண்டு பத்திகளுக்கும் அன்று நான் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆத்தூரிலிருந்து ஒரு மளிகைக்காரர் வந்தார். பன்னிரண்டு வருஷமாக என்னிடம் சரக்கு எடுப்பவர். முத்திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இன்னும் இதை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். "இவ்வளவுதாங்க இருக்குது" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பத்து மூட்டையையும் அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்.

மூன்றாவது வாரம் ஒரு முற்பகல் அவர் என் கடைக்கு வந்தபோது மைத்துனனும் அங்கே இருந்தான். ஆத்தூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு அவர் அந்த ஜவ்வரிசியைக் கொடுத்திருக்கிறார். சமையல்காரர் சாக்கைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல முந்தின நாள் மாலையே ஊறவைத்திருக்கிறார். காலையில் அண்டாவில் பாயசத்துக்குப் பதில் பசை. மாப்பிள்ளை வீட்டார் இதை வைத்துச் சினிமா நோட்டீஸ் ஒட்டலாம் என்று பந்தியிலேயே சிரித்திருக்கிறார்கள். இதையெல்லாம் சொன்ன மளிகைக்காரர் என்மேல் கோபப்படவில்லை.

"உங்க மேல தப்பில்லண்ணே. பழைய சரக்கு, மக்கிப்போச்சு. கப்பல்காரன் கடைசியா இருந்த குப்பையை நம்ம தலையில கட்டிட்டுப் போயிருக்கான்" என்றார்.

நான் தலையை ஆட்டினால் போதும். ஆட்டினேன் என்றே நினைக்கிறேன். அன்றைய நாட்குறிப்பில் 'ஆத்தூர்க்காரர் வந்தார்' என்று மட்டும் இருக்கிறது.

மைத்துனன்தான் எழுந்தான்.

"குப்பையில்லீங்க. அது எங்க ஊட்டுச் சரக்கு. நானும் எம் பொஞ்சாதியும் தொட்டில் கட்டி ஆட்டுனதுங்க. ஊற வெக்கக் கூடாது, கொதிக்கற தண்ணியில நேராப் போடோணும். அதைச் சொல்லித்தான் குடுத்திருக்கோணும். சொல்லலீங்க."

கடமையை நினைத்தோ பலனை நினைத்தோ அவன் பேசினான் என்று சொல்ல மாட்டேன். தன் கையால் செய்ததைக் குப்பை என்று சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை. என் தாளில் அதற்குப் பத்தி இல்லை.

மளிகைக்காரர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்."

அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "அந்தச் சமையல்காரன்கிட்ட நான் என்ன சொல்றது? வேலை தெரியாதவன்னு நாலு பேர் முன்னால சொல்லி அனுப்பிட்டாங்க. வர்ற ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு வீட்டுலயும் அவனைச் சமையலுக்குச் சொல்லலை" என்றார்.

கேடு யாருக்கும் இல்லை என்று எடைபோட்டபோது ஒரு சமையல்காரர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாக்கின்மேல் இருக்கும் பெயர் பெருமைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். எப்படிச் சமைப்பது என்பதையும் அதுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறது.

பிற்பகல், பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில், மைத்துனன் அவரோடு ஆத்தூர் போனான். கல்யாண வீட்டுக்காரர் முன்னாலும், அக்கம்பக்கத்தார் முன்னாலும் தவறு தன்னுடையது என்று சொன்னான். அவர்கள் வீட்டு அடுப்பிலேயே அந்தச் சமையல்காரரைக் கொண்டு மறுபடி பாயசம் வைக்கச் செய்தானாம். நான் போகவில்லை. கடையில் ஆள் இல்லை என்று சொன்னேன். ஆள் இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் பேசினேன். மூன்று வழிகளையும் விளக்கிவிட்டு, பப்பாளி விதையை விட்டு, பெயர் சொல்லாமல் இந்தச் சங்கதியையே உதாரணமாகச் சொன்னேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவர் எழுந்து, "அந்த மொத்த வியாபாரி அப்புறம் என்ன பண்ணினாரு?" என்று கேட்டார். "இன்னும் ஒண்ணும் பண்ணலைங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஆத்தூருக்குப் போய்ச் சமையல்காரரைப் பார்த்தேன். பாயசச் சங்கதியை எடுத்தேன்; அவர் என்னைத் திட்டவில்லை. மைத்துனன் வந்து சொன்ன பிறகு இரண்டு வீட்டில் சமையலுக்குக் கேட்டிருப்பதாகச் சொல்லி, நீங்கள் யார் என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார்.

மீதி மூட்டைகளை மளிகைக்காரர் திருப்பி அனுப்பவில்லை. கேட்டவர்களிடம் சேலம் ஜில்லாச் சரக்கு என்று சொல்லி, சமைக்கும் விதத்தையும் சொல்லி விற்றார். தை பிறந்ததும் மைத்துனனிடமே நேராக ஆள் அனுப்பி, இருபது மூட்டை கேட்டார். அதன்பின் அவர்களுக்குள் நடந்த ஜவ்வரிசி வியாபாரத்தில் எனக்குப் பங்கில்லை. இருவரும் என்னைக் கேட்கவும் இல்லை.

புளி, கடுகு, மல்லிக்கு மளிகைக்காரர் தொடர்ந்து என்னிடமே வந்தார். குடும்ப நலம் விசாரிப்பார், மோர் கொடுத்தால் குடிப்பார். ஆனால் ஏற்றுமுன் ஒவ்வொரு மூட்டையின் தையலையும் ஒரு சாண் பிரித்து, உள்ளே முழங்கை வரை கையை விட்டு எடுத்துப் பார்ப்பார். முந்தைய பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. நான் கோணி ஊசியும் சணலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அவர் பார்த்து முடித்ததும் நானே தைத்துக் கொடுப்பேன்.