எபாக்சியும் என் வீட்டுக்காரரின் புல் டெஸ்ட்டும்

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள், கம்பெனியில் க்யூசி, அதாவது தரச் சோதனை, பார்க்கும் புருஷன் கையில் பசையைக் கொடுக்காதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அனுப்பர்பாளையத்தில் புது வீடு. வாசலில் மாட்ட ஒரு தேக்குப் பலகை. அதில் ஒட்டுவதற்கு எழுத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன செராமிக் டைல் ஆர்டர் போட்டிருந்தேன்.

மேலே சரவணன், கீழே கவிதா. (கவிதா நான்தான்.)

மாமனாருக்கு இதில் இஷ்டமில்லை.

"ஊட்டுக்காரன் பேரு ஒண்ணு இருந்தாப் போதாதா கண்ணு? நம்ம சொந்தத்துல யாரு ரெண்டு பேரு போடறாங்க?"

"ரெண்டு பேரும் வேலைக்குப் போயித்தானுங்க மாமா கட்டுனோம்."

அத்தை பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

எபாக்சிப் பசை இரண்டு ட்யூபாக வரும். இரண்டையும் சம அளவு பிதுக்கிக் கலந்து, இறுகுவதற்குள் ஒட்டிவிட வேண்டும். "அஞ்சு நிமிசந்தானுங்க, அப்புறம் கல்லு" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார்.

நான் ஒரு கப்பில் கலந்து, என் மூன்று டைலையும் மளமளவென்று ஒட்டிவிட்டு, மிச்சத்தை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

அவர் இன்ச் டேப்பை எடுத்தார்.

"இரு, சென்டர் பாத்துக்கறேன்."

"பசை இறுகுதுங்க."

"ப்ளேஸ்மென்ட் முக்கியம் கவி. அரை சென்டி தள்ளிப்போனாலும் பையர் ஒத்துக்க மாட்டான்."

(சரக்கு வாங்க எந்த பையர் வருகிறான்? வரப்போவது அவர் சித்தப்பா.)

அளந்து, பென்சிலில் கோடு போட்டு, பனியன் வேஸ்ட் துணியால் பலகையைத் துடைத்து, ஒருவழியாக அவர் ஒட்ட ஆரம்பித்தபோது கப்பில் இருந்தது பசை மாதிரியே இல்லை. புதிதாகக் கலக்கலாம் என்றேன். "அதெல்லாம் புடிச்சுக்கும் உடு" என்றார்.

மறுநாள் விடிகாலை, ஐயர் வருவதற்குள் பலகையை மாட்டிவிடலாம் என்று எடுத்தோம்.

"ஒரு நிமிசம். புல் டெஸ்ட் பண்ணிடறேன்."

அவர் இருப்பது குழந்தைகள் உடுப்பு தைக்கும் கம்பெனி. பட்டனைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள், பிய்ந்து வராவிட்டால் பாஸ். (எங்கள் நிச்சயதார்த்தத்தன்று என் தம்பி சட்டைப் பட்டனைக்கூட இழுத்துப் பார்த்தவர்.)

'ச'வை இழுத்தார். கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் வந்தது. ஐந்துமே வந்துவிட்டன.

அடுத்து என் பெயர். இதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் இனி இரண்டு பெயர் என்ற பேச்சையே எடுக்க முடியாது.

'க'வை இழுத்தார். 'வி'யை இழுத்தார். பலகையை முழங்காலில் அண்டக் கொடுத்து 'தா'வை இழுத்தார். ஒன்றும் அசையவில்லை.

"பாஸ்" என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

மாமா உடனே, "பலகையே வேண்டாஞ் சாமி, உள்ள வையி" என்றார்.

அப்போதுதான் அத்தை உள்ளேயிருந்து வந்தார். "நல்ல நாளும் அதுவுமா வாசல் மொட்டையாவா இருக்கறது?" என்று பலகையை வாங்கித் தன் கையாலேயே மாட்டிவிட்டு, ஆரத்தி கரைக்கப் போய்விட்டார்.

வந்த சொந்தமெல்லாம் வாசலில் ஒரு நிமிடம் நின்றுதான் உள்ளே நுழைந்தது. சித்தப்பா மட்டும் இவரிடம் வாய்விட்டுக் கேட்டார்.

"ஏஞ்சாமி, உம்பேரக் காணோம்?"

"அது செக்கிங்ல ரிஜெக்ட் ஆயிருச்சுங்க சித்தப்பா."

புது எபாக்சி வாங்கி வைத்து ஒரு வாரமாகிறது. நேற்று அவர் பெயரை ஒட்டிவிடலாம் என்று ட்யூபைத் திறந்தேன். அத்தை அதை என் கையிலிருந்து வாங்கி, மூடியைத் திருகி, அலமாரியில் வைத்தார்.

"அதுக்கு இப்ப என்ன அவசரம் கண்ணு?"