அத்தை கேட்ட ஈடு

மேலத்தெருவில் ஏதோ ஒரு பெரிய சாமி இருக்கிறது என்றுதான் எட்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். கீழத்தெருக்காரர்களான நாங்கள் பஸ்ஸுக்குப் போக வேண்டுமென்றால் அந்தத் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். தெருமுனை வந்ததும் அப்பா, அம்மா எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். காளியம்மன் கோயில் வாசலிலும் அப்படித்தானே கழற்றுகிறோம்? அதனால் நானும் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டு பயபக்தியாகப் போவேன். அம்மா அதைப் பார்த்துச் சிரித்ததும் இல்லை, திட்டியதும் இல்லை.

அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய்வந்தாள். ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் செருப்பைக் கழற்றாமலே மேலத்தெருவில் நடந்துவிட்டாள். பெரிய வீட்டுக்காரர் மறித்தார். அந்தச் செருப்பை அவள் தலையிலேயே வைத்துத் தெருக்கடைசி வரைக்கும் நடக்கவிட்டார். வீட்டுக்கு வந்த அத்தை அழவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். மறுநாள் வேலைக்குப் போகாமல் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு போனாள்.

அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. அவர் உழுதது பெரிய வீட்டுக்காரர் நிலம். அவருடைய அப்பா உழுததும் அதே நிலம்தான். சோறு போய்விடுமே என்ற பயம் அவருக்கு.

பத்து நாள் கழித்துத் தாசில்தார் வந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். பெரிய வீட்டுக்காரர் ஒரு பட்டுச்சேலையும் புதுச்செருப்பும் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்டு மனுவைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். அப்பா கண்ணாலேயே கெஞ்சினார்.

அத்தை எழுந்து நின்றாள். "அண்ணாச்சி" என்று ஆரம்பித்தாள். கூட்டம் அந்த ஒரு சொல்லுக்கே திடுக்கிட்டது. எங்கள் தெருவில் எல்லோரும் அவரை 'மொதலாளி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அண்ணாச்சி, செருப்பு எங்கிட்டயே இருக்கு. அதப் போட்டுக்கிட்டு வார வெள்ளிக்கிழமை உங்க தெரு வழியா பஸ்ஸுக்குப் போவேன். என் தலையில வச்ச கை உங்க கை. நீங்க வாசல்ல உக்காந்து பாக்கணும். அதான் எனக்கு ஈடு. கேஸு அதுபாட்டுக்கு நடக்கட்டும்."

தாசில்தார் பேனாவை மூடித் திறந்து, அவள் சொன்னதை அப்படியே எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை ராத்திரி பிடித்த மழை, விடிந்துதான் விட்டது. எங்கள் கரிசல் மண்ணில் மழை பெய்தால் செருப்புப் போட்டு நடக்க முடியாது. அடிக்கு அடி மண் ஒட்டி, செருப்புக்குக் கீழே இன்னொரு செருப்பு முளைத்துவிடும். அன்றைக்கு மேலாவது கீழாவது, ஊரே செருப்பைக் கையில்தான் பிடிக்கும்.

"இன்னொரு நா பாத்துக்கிடலாம், தாயி" என்றார் அப்பா.

"ஆத்தாவக் கும்பிட்டுட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னாள் அத்தை. கோயில் வாசலில் கழற்றினாள், கும்பிட்டாள், திருநீறு பூசிக்கொண்டு திரும்பவும் மாட்டிக்கொண்டாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். கழற்றக் கூடாது என்று எனக்கும் உத்தரவு.

மேலத்தெருவே வாசலில் நின்றது. "ஏட்டி, நாங்களே கையிலதான் வச்சிருக்கோம், ஒனக்கு என்ன வீம்பு?" என்று ஒருத்தன் கத்த, சிரிப்பு எழுந்தது. ஓர் அக்கா மட்டும் நல்ல மனசோடு சொன்னாள்: "கழட்டிக்கோம்மா, இந்தச் சகதியில யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாவ."

"இருக்கட்டும்க்கா" என்றாள் அத்தை.

பெரிய வீட்டுக்கு நேர் எதிரே அவள் வலது செருப்பு மண்ணில் மாட்டிக்கொண்டது. கால் மட்டும் வெளியே வந்துவிட்டது. அத்தை குனியவில்லை. என் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கட்டைவிரலால் துழாவித் துழாவி வாரைத் தேடினாள். வாசலில் உட்கார்ந்திருந்த பெரிய வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாசில்தார் அனுப்பியிருந்த தலையாரி பக்கத்தில் நின்று பணிவாகச் சொன்னார்: "பாக்கணும்னுல்லா எழுதியிருக்கு, மொதலாளி."

அவர் பார்த்தார். விரல் நுழைந்தது. அத்தை சேறு அப்பிய காலை யானைக்கால் மாதிரி தூக்கி வைத்தாள். எங்கள் பின்னாலேயே வந்து தெருமுனையில் நின்ற அப்பா, ஏனோ மேல்துண்டை எடுத்துத் தலையில் உருமாலாகக் கட்டினார். அந்தத் தெருவில் அவர் துண்டு இடுப்பை விட்டு மேலே ஏறி நான் பார்த்ததே இல்லை.

அந்த ஆத்தா புண்ணியத்தில் இன்றைக்கு எனக்கும் வீடு, பிள்ளைகள் என்று எல்லாம் இருக்கிறது. எத்தனையோ ஊர்வலம் பார்த்துவிட்டேன். அத்தை நடந்தது மாதிரி ஒரு சாமி புறப்பாட்டைக்கூடப் பார்த்ததில்லை.

அன்றைக்கு அது தெரியவில்லையே! தெருக்கடைசிக்குப் போவதற்குள் எனக்குக் கால் கடுத்துவிட்டது. "தூக்கவே முடியல அத்தை" என்று அழ ஆரம்பித்தேன்.

அத்தை அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். "நீ கழட்டிக்கோட்டி. ஒனக்கு இது வெறும் சேறுதான்."

சேறு எல்லோருக்கும் சேறுதானே, அத்தைக்கு மட்டும் வேறு என்னவாம் என்று நினைத்துக்கொண்டு, செருப்பை உருவிக் கையில் வீசியபடி பஸ்ஸைப் பார்த்து ஓடினேன்.