தணிக்கையில் தோற்ற செக்கிங்காரி

பத்தொன்பது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்றவள் நான். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விரித்து, திருப்பி, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவது என் வேலை. என் கண்ணுக்கு ஓர் ஊசி ஓட்டைகூடத் தப்பியதில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. அப்படிப்பட்ட நான் முப்பத்தொன்பது வயதில் பி.காம். கடைசி வருடப் பரிட்சையில் ஒரே ஒரு பாடத்தில் தோற்றேன். திரும்ப எழுதினேன், திரும்பத் தோற்றேன். அந்தப் பாடத்தின் பெயர் தணிக்கை.

"ஊரு ஒலகத்து பனியனையெல்லாம் தணிக்கை பண்ற ஆளு, தணிக்கையில பெயிலா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். வேலம்பாளையத்தில் எங்கள் காம்பவுண்டில் இருக்கும் ஐந்து வீட்டுக்கும் அன்று மாலைக்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், நான் படிக்க வந்தது பட்டத்துக்காக இல்லை, ஒரு நாற்காலிக்காக. செக்கிங்கை நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு நின்றால் இரவு எட்டரை. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாய்ச் சுருண்டு கிடந்தது. இனிமேல் நிற்காதீர்கள் என்றார் டாக்டர். நிற்காமல் எதைச் சாப்பிடுவது என்று அவர் சீட்டில் எழுதித் தரவில்லை. அப்போதுதான் மாடியில், ஆபீஸில், தரம் பார்க்கும் அதிகாரி வேலை காலியானது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களின் ஆட்கள் வரும்போதெல்லாம் அந்த நாற்காலிக்காரருக்கு டிகிரி உண்டா என்று கேட்பார்களாம்.

"வேலை உங்களுக்குத் தெரியாததுங்களா? அவிங்களுக்குக் காயிதம் வேணும், அவ்வளவுதானுங்கம்மா. முடிச்சுட்டு வாங்க, சீட்டு உங்களுக்குத்தான்" என்றார் முதலாளி. அதுவரைக்கும் தன் மருமகன் பேரில் ஓட்டிக்கொள்வதாகவும் சொன்னார். மருமகனுக்கு டிகிரி உண்டு. காலர் எது, கஃப் எது என்று தெரியாது.

தொலைதூரக் கல்வியில் சேர்ந்தேன். பணம் கட்டியது தீபாவளி போனஸில். மூன்று தீபாவளிக்கு எனக்குச் சேலை இல்லை, புத்தகம்தான். வகுப்பு இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அன்றைய சம்பளமும் போகும். வாத்தியார் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், இந்நேரம் எத்தனை பீஸ் பார்த்திருக்கலாம் என்று என் மனசு கணக்குப் போடும். அவர் என்னைவிடச் சின்னப் பையன். என்னைப் பார்த்ததும் யாரோ ஒரு மாணவனின் அம்மா என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டார். படிப்பால் எனக்குக் கிடைத்த முதல் நாற்காலி அதுதான்.

படிக்க நேரம்தான் இல்லை. விடியற்காலையில் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பக்கத்திலேயே கண் சொருகிவிடும். அப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. செக்கிங்கில் கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை, காது சும்மாதான் இருக்கிறது. காலையில் சமைத்துக்கொண்டே பாடத்தை வாய்விட்டுப் படித்துப் போனில் பதிவு செய்தேன். பகலெல்லாம் மேசையில் ஹெட்செட் மாட்டிக் கேட்டேன். முதலாளியும் தடுக்கவில்லை. வாய் மூடியிருந்தால் கை ஓடும் என்பது அவர் சித்தாந்தம்.

என் பக்கத்தில் நிற்பவள் குண்டடத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். என்னைவிட நாலு வயது இளையவள். ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போனவள்.

"ஏனுங்கக்கா, பாட்டெல்லாம் நீங்களே கேட்டுக்கறீங்க. ஒரு காது எனக்குக் குடுங்க" என்று இடது பக்க ஒயரை வாங்கி மாட்டிக்கொண்டாள். உள்ளே என் குரல், பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தது. முகத்தைச் சுளித்தாள். ஆனால் கழற்றவில்லை. மறுநாள் வந்ததும் அவளே கையை நீட்டினாள். அன்றிலிருந்து வலது காது எனக்கு, இடது காது அவளுக்கு. மூன்று வருடம் இப்படியே ஓடியது. நான் மறந்ததை அவள் எடுத்துக் கொடுப்பாள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

மற்ற பாடங்கள் எப்படியோ தேறிவிட்டன. தணிக்கையில்தான் வம்பு. மாதிரிச் சோதனை என்று அதில் ஒரு பகுதி உண்டு. தணிக்கை செய்பவர் எல்லாக் கணக்கையும் பார்க்க வேண்டியதில்லை, சிலவற்றை எடுத்துப் பார்த்தால் போதும் என்கிறது புத்தகம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையரின் ஆளும் இப்படித்தான் நாலு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நானூறு பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டுப் போவார். ஒவ்வொரு பீஸாகப் பார்த்துச் சாகிறவர்கள் நாங்கள். அந்தக் கேள்வி பரிட்சையில் வந்ததும், "ஒன்று விடாமல் பார்ப்பதே தணிக்கை, மற்றது கண்துடைப்பு" என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதினேன். உதாரணத்துக்கு ஜட்டியைக்கூட இழுத்தேன்.

தோற்றேன். அடுத்த முறை புத்தகத்தில் உள்ளபடியே பணிவாக ஆரம்பித்தேன். கடைசிப் பத்தியில் கை கேட்கவில்லை. "ஆயினும்" என்று தொடங்கி அதே சண்டையைப் போட்டு வைத்தேன். மற்ற கேள்விகளுக்கும் நான் ஒன்றும் கிழித்துவிடவில்லைதான். ஆனால் கொள்கைக்காகத் தோற்றேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

அந்தக் கௌரவத்தை முதலாளி ஒரே வரியில் முடித்துவைத்தார். மருமகன் தனியாகக் கம்பெனி ஆரம்பிக்கிறாராம். "பொங்கல் வரைக்கும் பாக்கறனுங்கம்மா. அதுக்கு மேல வெளியாளைத்தான் போடோணும்." மார்கழிக்கு முன்னால் ஒரு பரிட்சை இருந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு. அன்று மேசைக்கு வந்து நின்றபோது கால் வலியைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

பக்கத்தில் நின்ற அவளிடம் சொன்னேன். கையிலிருந்த பீஸைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, போன மாசம் அந்தக் கொழந்தை டீசர்ட்டுக்குக் கழுத்து சின்னதா இருக்குதுன்னு சத்தம் போட்டீங்களே, அப்பறம் எப்படி பாஸ் பண்ணுனீங்க?"

"பையர் ஓகே பண்ணுன சாம்பிள்ல அந்த அளவுதான இருந்துச்சு."

"அதுக்குள்ள கொழந்தை தலை போவுமா போவாதான்னு நாம கேட்டமுங்களா? பரிட்சையும் ஒரு ஆர்டருதானுங்க. பொஸ்தகந்தான் சாம்பிளு. அதுல இருக்கற அளவுக்குத் தெச்சுக் குடுத்துட்டு வாங்க. சண்டையை நாற்காலியில ஒக்காந்துட்டுப் போடுங்க."

பிறகு நூல் பிசிறைக் கத்தரித்தபடியே பாடத்தை ஒப்பித்தாள். "மாதிரிச் சோதனையின் நன்மைகள். ஒண்ணு, நேரம் மிச்சம். ரெண்டு, செலவு மிச்சம். விசிலு. ஏங்க, அடுப்பைக் கொறைங்க. மூணு, முக்கியமான இனங்களில் கூடுதல் கவனம்."

என் பதிவில் அந்த இடத்தில் குக்கர் விசில் அடித்திருந்தது. நான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டதும் அதில் ஏறியிருந்தது. அவள் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்திருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. பத்தொன்பது வருடம் எல்லாருடைய தப்பையும் பார்த்த எனக்கு என் தப்பின்மேல் ஸ்டிக்கர் ஒட்டியவள் அவள்.

பரிட்சையில் அதே கேள்வி வந்தது. இரண்டு நன்மைகள் எழுதினேன். மூன்றாவது வரவில்லை. கண்ணை மூடினேன். குக்கர் விசில் அடித்தது, அடுப்பைக் குறைக்கச் சொன்னேன், மூன்றாவது வந்தது. அதோடு நிறுத்திப் பேனாவை மூடினேன். "ஆயினும்" என்ற சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் முடிவு வந்தது. தேறிவிட்டேன். பொங்கல் லீவு முடிந்து மாடிக்குப் போனேன். சுற்றுகிற நாற்காலி, பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. உட்கார்ந்தேன். கால் தரையில் பட்டும் படாமலும் இருந்தது. பத்தொன்பது வருட வலி மெல்ல இறங்கியது. ஆனால் என் இடது பக்கம் யாரும் இல்லை. அழுகை வந்தது. பாடம் முழுக்க அவளுக்கும்தான் தெரியும். நாற்காலி எனக்கு மட்டும் வந்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை.

பதினொரு மணிக்கு அவளே படியேறி வந்தாள், கையெழுத்துக்குச் சாம்பிள் பீஸோடு. நான் எழுந்து அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒரு சுற்றுச் சுற்றினாள். குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள்.

"ஒரு சக்கரம் ஆடுதுங்கக்கா" என்று இடுப்பில் தொங்கிய ஸ்டிக்கரில் ஒன்றை உரித்து நாற்காலிக் காலில் ஒட்டினாள். உடனே எழுந்தும்விட்டாள். அதற்குமேல் உட்கார்ந்தால் எழ மனசு வராதாம்.

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, சேலை முந்தானைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். எட்டாம் வகுப்பு அறிவியல். தனித்தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாளாம்.

"நாளைக்குக் காலையில படிச்சு ஏத்திட்டு வாங்க. குக்கரை மட்டும் மறந்துராதீங்க. அது இல்லீனா எனக்கு மண்டையில ஏறாது."