விருந்தாளி வந்தால் அலாரம் அலறாது

நேற்றுதான் தடை நீங்கியது. "இனிமே எழுதிக்க" என்று செந்தில் பெரிய மனது பண்ணி அனுமதி கொடுத்துவிட்டார். செந்தில் என் கணவர். ஜனவரியில் எங்கள் வீட்டில் நடந்ததைப் பற்றி இந்தப் பத்தியில் ஒரு வரி எழுதினாலும் தன் வேலைக்கு ஆபத்து என்று இத்தனை நாள் என் கையைக் கட்டிப் போட்டிருந்தார். வாயைக் கட்ட முடியவில்லை. அதனால் எங்கள் ஊரான பார்சிப்பனியில் பாதிப் பேருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். மீதிப் பேருக்காக இது.

செந்தில் எஞ்சினியராக இருப்பது புகை அலாரம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில். பேர் வேண்டாம். உங்கள் அபார்ட்மென்ட் சீலிங்கில் வெள்ளையாக, வட்டமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமே... நீங்கள் கடுகு தாளிக்கும்போது மட்டும் உயிர் வந்து ஊரைக் கூட்டுமே... அதேதான்.

ரிசஷன் நேரம். அவர் ஆபீஸில் வாரத்துக்கு ஒரு மூலை காலியாகிக்கொண்டிருந்தது. நேற்று வரை சேர்ந்து காபி குடித்தவர் இன்று அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங் லாட்டில் நிற்பார். செந்தில் இருப்பதோ ஹெச்-ஒன் விசாவில். கிரீன் கார்டு க்யூவில் எங்கள் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேலை போனால் விசா போகும். விசா போனால் வீடு, கார், என் மகள் நிலாவின் ஸ்கூல் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த மாதம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த நேரத்தில்தான் அவர் வந்து சொன்னார்.

"வியாழக்கிழமை ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வர்றாங்க. நீ சமைக்கிறதைப் பாக்கணுமாம்."

"ஏங்க, அவங்க வீட்ல அடுப்பு இல்லையா?"

"அதில்ல. கஸ்டமர் எம்பதி. கஸ்டமரோட கஷ்டத்தை அவங்க எடத்துலயே போய் நின்னு உணர்றது."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன். இந்த மனுஷன் ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்று உணர்ந்திருப்பாரா? இப்போது உணர்வதற்கு ஆபீஸிலிருந்து ஆள் வருகிறதாம்!

விசாரித்ததில் விஷயம் இதுதான். நிறைய வீடுகளில் ஜனங்கள் அலாரத்தின் பேட்டரியைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஏன்? அதைக் கண்டுபிடிக்க ஒரு கன்சல்டன்ட்டை வைத்தார்கள். அவர் எல்லோரையும் கான்ஃபரன்ஸ் ரூமில் உட்கார வைத்து, கலர் கலரான ஒட்டுக் காகிதங்களைக் கொடுத்து, "கஸ்டமராக மாறுங்கள்" என்றாராம். வெந்நீர் மட்டுமே வைக்கத் தெரிந்த எஞ்சினியர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு, இல்லாத சட்டியில், இல்லாத கரண்டியால், இல்லாத சமையலைக் கிளறினார்கள். ஒருத்தர் இல்லாத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளறியதற்குக் கைதட்டல் வேறு கிடைத்ததாம். சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டி முடித்த பிறகு, டீம் ஹெட் பிரெண்டா மட்டும், "நிஜமாகச் சமைக்கும் யாரையாவது பார்க்கலாமே" என்றிருக்கிறாள். செந்தில் கையைத் தூக்கிவிட்டார். என்னைக் கேட்டாரா? அதெல்லாம் கேட்கிற வழக்கம் ஏது?

"இது நல்லபடியா முடிஞ்சா எங்க டீம் தப்பிச்சிரும். நீ ஒண்ணும் பண்ண வேணாம். வழக்கம் போல இரு, போதும்" என்றார்.

வழக்கம் போல இருப்பதா? வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள், வழக்கம் போல இரு! இப்படி ஒரு வாக்கியத்தை ஆம்பிளையைத் தவிர வேறு யாராவது சொல்வார்களா?

இரண்டு நாள் தேய்த்தேன். அடுப்பு மேடையில் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் தேய்த்தேன். புதன்கிழமையே பொரியல், குழம்புக்கு எல்லாம் நறுக்கி வைத்தாயிற்று. வியாழக்கிழமை காலையில் நிலாவை பஸ் ஏற்றிய கையோடு ரசம் முதல் பாயசம் வரை முடித்து, மோர் மிளகாயையும் வறுத்து டப்பாவில் போட்டு, பனியையும் பார்க்காமல் ஜன்னல்களைத் திறந்து வாசனை துளியும் இல்லாமல் விரட்டினேன். கடைசியாக ஸ்டூல் போட்டு ஏறி, அலாரத்தின் குல்லாவைக் கழற்றினேன்.

குல்லா என்றால் ஷவர் கேப். ஹோட்டல் பாத்ரூமில் இலவசமாக வைத்திருப்பார்களே, எலாஸ்டிக் வைத்த பிளாஸ்டிக் உறை, அது. செந்தில் எந்த ஊருக்கு ஆபீஸ் வேலையாகப் போனாலும் சோப்பை விட்டுவிடுவார், அதை மட்டும் மறக்காமல் எடுத்து வருவார். அலாரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். மாட்டிவிட்டால் கடுகென்ன, கருவாடே வறுக்கலாம்.

நம் ஜனங்களில் இது இல்லாத வீட்டைக் காட்டுங்கள் பார்க்கலாம். எங்கள் அடுப்புக்கு மேலே ஒரு ஃபேன் உண்டு. அது புகையை வாங்கி, சற்று யோசித்து, என் முகத்திலேயே திருப்பி ஊதும். பின்னே குல்லா போடாமல் என்ன செய்வது?

வந்தார்கள். பிரெண்டா, கூடவே கைல் என்று ஓர் இளைஞன் வீடியோ கேமராவோடு. முதல் வேலையாக செந்திலை சோபாவில் உட்கார வைத்து, "நீ வாயே திறக்கக் கூடாது. கஸ்டமர்தான் பேச வேண்டும்" என்றாள் பிரெண்டா. எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

குளிரில் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். மனசு கேட்குமா? ஓடிப்போய் எல்லா ஜன்னலையும் மூடினேன்.

சமையல் காலையிலேயே முடிந்துவிட்டது என்றேன், அதனால் நேராகக் கேள்விகள் ஆரம்பமாயின. அவள் கேட்டது இங்கிலீஷில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"சமைக்கும்போது அலாரம் தொந்தரவு செய்யுமா?"

"தொந்தரவா? ஒரு நாள்கூட இல்லை."

"எதையாவது மாற்றலாம் என்று தோன்றுமா?"

"எதற்கு? ரொம்ப அருமையான அலாரம். ஊரில் என் தங்கச்சிக்கே ஒன்று அனுப்பலாம் என்று இருக்கிறேன்."

பின்னே? கட்டின புருஷன் செய்த பொருளை, அவர் மேலதிகாரியிடமே குறை சொல்வதா? அவருக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்காமல் நான் எதற்கு இருக்கிறேன்?

கைல் விடவில்லை. ஏன் பிடிக்கும் என்றான். சொன்னேன். அது ஏன் என்றான். அதற்கும் சொன்னேன். இப்படி அஞ்சு தடவை 'ஏன்' கேட்டால் பிரச்னையின் வேர் தெரியுமாம். கன்சல்டன்ட் சொல்லிக் கொடுத்த முறையாம். எங்கள் ஈரோட்டுப் பக்கம் ஒரு மருமகளை அஞ்சு தடவை ஏன் என்று கேட்கிறவருக்குப் பேர் மாமியார். அவர்களையே சமாளித்து வந்தவள் நான். இந்தப் பையனா என் வேரைப் பிடுங்கப் போகிறான்?

சோபாவில் செந்தில் கண்ணை உருட்டினார். காபி கொண்டு வரச் சொல்கிறார் என்று நினைத்துக் கொண்டு வந்தேன். இன்னும் உருட்டினார். சாப்பாட்டை எடுத்து வைத்தேன். தண்ணீர் எடுக்கிற சாக்கில் பின்னாலேயே சமையலறைக்கு வந்து பல்லைக் கடித்தார்.

"என்ன பண்ணிட்டு இருக்க?"

"உங்களுக்கு நல்ல பேர் வாங்கித் தர்றேன்."

"அடிப் பாவி! அலாரம் நல்லா இருந்தா அதை எதுக்கு மாத்தணும்? மாத்த வேணாம்னா எங்க டீம் எதுக்கு? ப்ராஜெக்ட்டை இழுத்து மூடிட்டு எங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? 'வழக்கம் போல இரு' என்று மொட்டையாகச் சொன்னால்? ஆனால் சண்டை போடுகிற நேரமா அது! புகழ்ந்து தள்ளியாயிற்று. எல்லாம் கேமராவில் பதிந்தாயிற்று. இப்போது போய், "நான் சொன்னதெல்லாம் பொய்ங்க" என்று விருந்தாளி முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

நிலா ஸ்கூல் விட்டு வந்து, பையை எறிந்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். பிரெண்டா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தொட்டுக்கொள்ள வைத்த மோர் மிளகாயை ஒன்று கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொன்று கடித்தாள். பிறகு டப்பா காலி. "இது இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றாள்.

சாப்பிடுகிற விருந்தாளியிடம் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. "இதோ, ஒரு நிமிஷம்" என்று எண்ணெயைக் காய வைத்து, ஒரு கை மோர் மிளகாயைப் போட்டேன். போட்ட பிறகுதான் ஜன்னல் மூடியிருப்பது உறைத்தது.

மோர் மிளகாய் வறுத்தவர்களுக்குத் தெரியும், நான் விவரிக்க வேண்டியதில்லை. முதலில் கைல் இருமினான். அப்புறம் பிரெண்டா. அப்புறம் அலாரம் அலறியது பாருங்கள், அப்படி ஓர் அலறல்!

அடுத்து நடந்ததில் யாரும் யோசிக்கவே இல்லை. செந்தில் சோபாவிலிருந்து பாய்ந்து ஸ்டூலில் ஏறினார். நிலா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் டிராயரை இழுத்து, ஷவர் கேப்பை எடுத்து, "டாட், கேட்ச்!" என்று எறிந்தாள். அவர் ஒரு கையால் பிடித்து மறு கையால் மாட்டினார். அலறல் அமுங்கியது. நிலா எழுந்து பின்பக்கத்துப் பேட்டியோ கதவைத் திறந்துவிட்டு, வாயைப் பிளந்து நின்ற கைலைப் பார்த்து, "டோன்ட் வொரி, இட்ஸ் ஒன்லி ஃபுட்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். நானோ அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை.

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

ஸ்டூல் மேல் என் கணவர். தான் உருவாக்கிய அலாரத்துக்குத் தானே குல்லா மாட்டிய கையோடு, இறங்கத் தெரியாமல் நிற்கிறார். கீழே மேலதிகாரி. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகாய்ப் புகை இருந்ததால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

பிரெண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். அது அவளிடமிருந்த கேள்வித் தாளில் இல்லை.

"இதை எப்போது கழற்றுவீர்கள்?"

நான் செந்திலைப் பார்த்தேன். அவர் நிலாவைப் பார்த்தார். கழற்றுவது விருந்தாளி வந்தால் மட்டும்தான். நிலாவின் படுக்கையறைக்கு வெளியே இருப்பது அந்த ஒரு அலாரம்தான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றைக்குத்தான் உறைத்தது.

மறு வாரம் பெரிய தலைகள் கூடிய மீட்டிங்கில் பிரெண்டா அந்த வீடியோவைப் போட்டாளாம். "இதைச் செய்கிற எஞ்சினியரே தன் வீட்டில் இதை மூடி வைக்கிறார். மற்றவர்கள் பேட்டரியைப் பிடுங்கியதில் என்ன ஆச்சரியம்?" என்றாளாம். செந்தில் மேஜைக்கு அடியில் போகாத குறை.

ஒட்டுக் காகிதங்கள் திரும்ப வந்தன. பிரச்னை, காரணம், காரணத்தின் காரணம் என்று கட்டம் கட்டமாக அலசியதில் ஒரு மேலாளர் கண்டுபிடித்த மூல காரணம்: கஸ்டமர் சமைக்கிறார். அவர் சொன்ன தீர்வு: மூடி போட்டுச் சமைக்கவும் என்று பெட்டியில் அச்சடிக்கலாம். தாளிப்பதை ஏன் மூடி போட்டுச் செய்ய முடியாது என்று செந்தில் போர்டில் படம் வரைந்து விளக்கினாராம். வெந்நீர் மட்டுமே வைக்கத் தெரிந்த மனுஷன், தாளிப்பது பற்றி! என் கணவரை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது என்றால் நம்புங்கள்.

ப்ராஜெக்ட் பிழைத்தது. செந்திலின் நாற்காலியும் பிழைத்தது. புது அலாரத்தின் நடுவில் பெரிய பட்டன் ஒன்று. ஸ்டூல் வேண்டாம், கீழே நின்றபடி துடைப்பக் கட்டையால் ஒரு குத்து குத்தினால் வாயை மூடிக்கொள்ளும். தாளிப்பு முடிகிற நேரத்துக்குத் தானாகவே விழித்துக்கொள்ளும். கழற்ற மறப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. துடைப்பக் கட்டை என் யோசனை. அதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு காபி மக்.

போன வாரம் புது அலாரத்தின் மாதிரி ஒன்று எங்கள் சீலிங்குக்கு வந்துவிட்டது. அடுத்ததாக இன்னும் சில வீடுகளில் மாட்டிப் பார்க்க வேண்டுமாம். அதற்கு முன்னால் அந்த வீடுகளின் கஷ்டத்தையும் பிரெண்டா உணர வேண்டுமாம். பக்கத்துப் பில்டிங்கில் இருக்கும் கீழக்கரை பாத்திமாவின் பேரைக் கொடுத்தேன். அவள் பிரியாணி செய்யும் நாளில் அலாரத்தோடு சேர்ந்து இந்தக் காம்ப்ளெக்ஸே மூக்கைத் தூக்கும்.

நேற்று அவள் ஃபோன் செய்தாள்.

"அக்கா, நாளைக்கு உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்து வர்றாங்கள்ல? எல்லாத்தையும் பளபளன்னு க்ளீன் பண்ணிட்டேன். பிரியாணியை விடியக்காலமே செஞ்சு எறக்கிருவேன். அந்த பிளாஸ்டிக் தொப்பியைக்கூட கழட்டி ஒளிச்சு வச்சுட்டேன். கேட்டா ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லிர்றேன். அண்ணனுக்கு நல்ல பேர் கெடைக்கணும்ல?"

நான் ஒன்றும் விளக்கவில்லை. விளக்கினால் கேட்கிற ஜாதியா நாம்?

"எல்லாம் சரி பாத்திமா. அவங்களுக்குக் குளிர் ஆகாது, ஜன்னலை மட்டும் நல்லா மூடி வச்சுடு. சாப்பிட்டு முடிக்கிற நேரத்துல மோர் மிளகாய் வறுக்கணும். நான் கொண்டு வர்றேன்!"