தாழிக்கு வழி சொன்னவன்

2005, மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு ஐம்பதுக்குக் கோவில்பட்டியில் விளாத்திகுளம் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் பதினொரு ரூபாய். பையில் கேமரா, முப்பத்தாறு படம் எடுக்கக்கூடிய பிலிம், அளவுக்கு வைக்க ஒரு ஸ்கேல். இத்தனையும் ஒரே ஒரு மனிதருக்குப் பதில் சொல்வதற்காக. அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

எனக்குத் தொழில் உரக்கடை. வாரத்தில் மூன்று நாள், கடையைச் சாத்திய கையோடு பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவேன். மணிக்கு இருபது ரூபாய். தொல்லியல் அறிஞர்கள் கடிதம் எழுதிச் சண்டை போட்டுக்கொள்ளும் மின்னஞ்சல் குழு ஒன்றில் நானும் உறுப்பினன். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படிப்பேன். எங்கோ தோண்டிய பானை ஓட்டுக்கு இருநூறு வயது கூடிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

போன மாதம் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் அதில் எழுதினார்: இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய மக்கள் ஆற்றங்கரைகளில்தான் வாழ்ந்தார்கள், கரிசல் காடு ஆளில்லாத வெற்றிடம் என்று. வெற்றிடமாம்! உழவுக் காலத்தில் என் கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஒருவராவது “கலப்பையில தாழி தட்டுச்சு அண்ணாச்சி” என்று சொல்லாமல் போனதில்லை. செத்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள் அவை. அதை எழுதினேன். ஒரே வார்த்தையில் பதில் வந்தது: “ஆதாரம்?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உர லோடு ஏற்றிய லாரி டிரைவருக்கு எப்படி வழி சொல்வேனோ, அப்படியே எழுதிவிட்டேன். எந்த பஸ், எங்கே இறக்கம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனையாவது புஞ்சை, வரப்பில் என்ன மரம், உழுகிற சம்சாரியின் பெயர் என்ன, எல்லாம். அதற்கும் அவர் மசியவில்லை. புகைப்படம் எங்கே என்று கேட்டார். எடுத்துக் காட்டுகிறேன் பார் என்றுதான் இந்தப் புறப்பாடு.

எட்டயபுரத்தில் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த அம்மாள், மடியில் மல்லி மூட்டையோடு திரும்பிப் பார்த்தார்.

“கேமராவும் கையுமா போறீயளே, கல்யாணமா அண்ணாச்சி?”

“இல்லம்மா. தாழி பாக்கப் போறேன்.”

“செத்தவிய பானையவா? நாயித்துக்கெழம அதுவுமா வேற சோலி கெடைக்கலயாக்கும்!” என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

விளாத்திகுளத்தில் இறங்கி இரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. எட்டரைக்கு நாகலாபுரம் வண்டி, டிக்கெட் நாலரை ரூபாய். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கிற கரிசல், நடுநடுவே பருத்தி, ஓடை ஓரமெல்லாம் வேலிக்கருவை. நாகலாபுரம் வரைக்கும் ஊர், நேரம், கட்டணம் எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்ல மாட்டேன். எந்தத் திசையில் போனேன், எத்தனை மைல் போனேன் என்று யார் கேட்டாலும் சொல்வதாக இல்லை. நான் போய் இறங்கிய ஊரில் அப்படி என்ன பார்த்தேன் என்பதைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

மணி பத்து. பெருமாள்சாமி (இனி வரும் பெயர்களையும் மாற்றித்தான் சொல்கிறேன்) பன்னிரண்டு வருஷமாக என் கடையில் உரம் வாங்குகிறவர். புஞ்சை வரப்பில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லவில்லை.

“ஒங்க ஆளுவ வந்துட்டுப் போயிட்டாவ” என்றார்.

“எந்த ஆளு?”

“நாலு பேரு கார்ல வந்தாவ. கையில ஒரு தாளு. எம் பேரு, இந்த வேப்பமரம், எத்தனாவது புஞ்ச, எல்லாம் இங்கிலீசுல இருந்துச்சு. உரக்கடை அண்ணாச்சி எழுதிக் குடுத்ததுன்னு வாசிச்சுக் காட்டுனாவ. நீங்க அனுப்புன ஆளுவள நான் போன்னா சொல்லுவேன்? மம்பட்டியும் நாந்தான் குடுத்தேன்.”

போய்ப் பார்த்தேன். ஆறு குழிகள். அந்த ஊரில் கலப்பையில் தாழியின் வாய் தட்டினால் மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு உழுவார்கள். மூன்று தலைமுறையாக அப்படி விட்டுவைத்த ஆறு இடத்தையும் கல்லைப் பார்த்துப் பார்த்துத் தோண்டியிருந்தார்கள். உள்ளே இருந்த சிறு கலயங்களும் இரும்புச் சாமான்களும் போயே போய்விட்டன. உள்ளங்கைக் கனத்துக்குச் சிவப்பு ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. எலும்புகளை வாரி வெளியே எறிந்திருந்தார்கள். படுபாவிகள்! அவர்களுக்கு ஆதாரம் எல்லாம் வேண்டாம். விற்பதற்குப் பண்டம் இருந்தால் போதும். குழுவில் எழுதிய கடிதத்தால் வழி போட்டுக் கொடுத்தவன் நான். தலை தலையாக அடித்துக்கொண்டேன்.

பெருமாள்சாமியின் மனைவி லட்சுமி வந்தார்.

“விதைக்கும் ஒரத்துக்கும்தான் ஒங்ககிட்ட வந்தோம். உள்ள படுத்திருந்தவியள ஏன் காட்டிக் குடுத்தீய? பருத்தி எடுக்க வந்த பொம்பளையாளுவ எலும்பப் பாத்துட்டு அப்பிடியே திரும்பிட்டாவ. மூணு நாளாச்சு, ஒருத்தியும் காட்டுல காலு வைக்கல. எல்லாம் வெடிச்சுத் தொங்குது. இந்தக் காத்துக்கு நாளைக்குக் கீழ கொட்டிரும்.”

“நான் என்ன செய்யணும் தாயி?”

“நீங்கதான் மூடணும். ஊரு பாக்க மூடணும்.”

மூடினேன். லட்சுமி கூப்பிட்டுவிட்ட பெண்கள் வரப்பில் வரிசையாக வந்து நின்றார்கள். எலும்புகளை என் துண்டில் பொறுக்கி வைத்து, குழி குழியாக இறக்கினேன். கரிசல் மண்ணை வெட்டித் தள்ளியதில் கை இரண்டும் கொப்புளம். ஆறாவது குழியில் மட்டும் தாழி பாதி உடையாமல் இருந்தது. கழுத்தைச் சுற்றி விரலால் அமுக்கிய கோலம், நேற்று அமுக்கியதைப் போல. ஒரே ஒரு படம். அந்தப் பேராசிரியர் வாயை அடைக்க அது போதும்.

“போட்டோ எடுக்கலயா?” என்றார் பெருமாள்சாமி.

பைக்குள் கை போனது. ஒரு தாளைப் பார்த்தே ஒரு கார் வந்தது; படத்தைப் பார்த்தால் எத்தனை கார் வருமோ. மண்ணை அள்ளிப் போட்டேன். மூன்று மணிக்குக் கடைசிக் கல்லை வைத்ததும், வரப்பில் நின்ற பெண்களில் மூத்தவர் பருத்தி எடுக்க மடியைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள்.

திங்கட்கிழமை மாலை, கோவில்பட்டி பிரவுசிங் சென்டர். என் பழைய கடிதத்தை அழித்துவிடுங்கள் என்று குழுவை நடத்துகிறவரைக் கெஞ்சினேன். வந்ததை அழிக்கும் வழக்கம் இல்லை, அது ஆய்வுக்கான ஆவணம் என்று பதில் எழுதினார். ஆவணமாம், வயிறு எரிகிறது! பேராசிரியரும் விடவில்லை. படம் என்ன ஆயிற்று என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கேட்டிருந்தார்.

அகராதியைத் திறக்காமலே தட்டினேன்: “நேரில் போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. நான் எழுதியது தவறு. நீங்கள் சொன்னதே சரி.”

கால் மணி நேரத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது: “உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறேன்.”